கிணறு சொல்லும் பருவம்

பங்குனி மாதத்துப் பின்னேரங்களில், தோட்டத்துக்குள் இறங்குமுன் என் ஆச்சி கிணற்றடியில் சற்று நிற்பார். வாளியில் வந்த தண்ணீரை ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்புவார். பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும். பெரும்பாலான நாள்களில் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "தண்ணி மாறீட்டுது. வெங்காயத்தைக் கிண்டிப்போடுவம். மிளகாய்க்கு இனி விடியத் தண்ணி மட்டும். பின்னேரத் தண்ணியைப் பயித்தைக்கு ஊத்து பிள்ளை."

எங்கள் வளவு யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான வேலணையில் இருந்தது. வீட்டின் கோடிப்பக்கத்தில், கிணற்றுக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே, நான்கு பாய் விரிக்கிற அளவு நிலம். அதில் கத்தரி, வெண்டி, மிளகாய், ஒரு பந்தலில் பாகலும் புடலும், வேலியோரம் பயற்றங்கொடி. மண்ணறிவியல் படிக்கப் போன பிறகுதான் பயிர்களின் உப்புத் தாங்குதிறன் அட்டவணை ஒன்றைப் பார்த்தேன். முதலில் வெங்காயம், அடுத்து மிளகாய், கடைசியில் பயறு. ஆச்சி அன்று கிணற்றடியில் சொன்ன அதே வரிசை. அந்த வரிசைக்கு மண்ணுக்கடியில் இருக்கும் காரணத்தைத் தேடித்தான் இந்த அத்தியாயம்.

குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் இளவேனிற் பயிர், கோடைப் பயிர் என்ற பிரிவு உண்டு. அங்கே தோட்டக்காரர் காத்திருப்பது உறைபனி விலகும் நாளுக்கு. மண் சூடேறினால் விதைக்கலாம், குளிர் திரும்பினால் எல்லாம் முடிந்தது. தீவுப்பகுதியில் மண் ஆண்டு முழுவதும் சூடாகவே இருக்கிறது. பஞ்சாங்கம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. ஆனால் வீட்டுத்தோட்டத்தின் இளவேனில் தைப்பொங்கலோடு தொடங்கிவிடுகிறது. வாடைக்காற்றின் மழை ஓய்ந்து கிணறு விளிம்புவரை நிறைந்திருக்கும் நேரம் அது. முதுவேனில் எப்போது வரும் என்பதை வெயில் சொல்வதில்லை, கிணறு சொல்கிறது. ஒரே ஊரில் அடுத்தடுத்த இரண்டு வளவுகளில் கோடை இரண்டு வாரம் முந்திப் பிந்தி வரலாம்.

ஏனென்றால், இந்தத் தீவுகளின் நன்னீர் ஒரு நிலத்தடி ஆற்றிலிருந்தோ தொலைதூர மலையிலிருந்தோ வருவதல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணை எல்லாமே சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண் போர்த்திய தட்டையான நிலங்கள். கல்லில் துளைகளும் வெடிப்புகளும் நிறைய. மழைநீர் அவற்றின் வழியே இறங்குகிறது. கடலும் அதே துளைகள் வழியே பக்கவாட்டில் உள்ளே வந்து நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கனம் குறைந்த மழைநீர் மேலே மிதக்கிறது. நடுத்தீவில் தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும், ஒரு மூக்குக்கண்ணாடி வில்லையைப் படுக்க வைத்ததுபோல. நிலநீர் அறிஞர்கள் இதை நன்னீர் வில்லை என்றே அழைக்கிறார்கள்.

இந்த வில்லையின் கணக்கை முதலில் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர் வில்லெம் பாடொன் கெய்பன். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஒரு கிணறு துளைப்பது பற்றிய அவருடைய குறிப்பு 1880களின் இறுதியில் வெளிவந்தது. வடகடல் கரைத் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இல் அதே முடிவுக்குத் தனியே வந்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களை இட்டிருந்தார்கள். வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம். இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டுமே. ஆம்ஸ்டர்டாம் மண்ணுக்கு எழுதிய கணக்கு, ஒருகாலத்தில் ஆம்ஸ்டர்டாம் என்று அழைக்கப்பட்ட எங்கள் காரைதீவுக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

கணக்கு எளிது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருடையது ஏறத்தாழ 1.025. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்க முடியும். அரை மீற்றர் உயர்ந்து நின்றால் 20 மீற்றர். கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் படிக்க வேண்டும்: மேலே 1 சென்ரிமீற்றர் இறங்கினால் அடியில் உப்பு 40 சென்ரிமீற்றர் ஏறி வரத் தொடங்குகிறது. நடைமுறையில் கடல் ஏற்ற இறக்கங்கள் இரண்டு நீரையும் கலக்கிவிடுவதால் எல்லை கத்தியால் வெட்டியதுபோல இருக்காது. தடித்த சவர்ப்படலம் ஒன்று இடையே கிடக்கும். அதனால் வில்லை கணக்குச் சொல்வதைவிட மெலிந்தே இருக்கும். எழுவைதீவுபோன்ற சிறிய தீவுகளில் இன்னும் மெலிவு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதை நேரில் காட்டும் இடம் புத்தூர் நிலாவரைக் கிணறு. அடியில்லாக் கிணறு என்று ஊர் சொல்லும். மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் எடுத்தால் உப்பு. 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்ட்டின் இலங்கை பற்றிய நூலிலும் அந்தக் கிணறு இடம்பெற்றிருக்கிறது. தீவுகளிலோ நல்ல தண்ணீர் உள்ள இடங்களை ஊர் பெயர்சொல்லி அறியும். நெடுந்தீவுக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள். வேலணையில் சாட்டி மணற்பரப்பின் கிணறுகள். சாட்டித் தண்ணீர் அயல் ஊர்களுக்கும் குடிக்கப் போனது. மணல் மழையை உடனே உறிஞ்சிக்கொள்கிறது, கல்லைப்போல வெடிப்புவழி கடலுக்கு ஓடவிடுவதில்லை. கடற்கரையில் கையால் தோண்டும் ஆழமற்ற பூவலும் இதே அறிவில் பிறந்ததுதான். ஆழமாகத் தோண்டினால் உப்பு என்பது தோண்டியவர்களுக்குத் தெரியும். முழங்கால் ஆழத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது தண்ணீர் இறைக்கும் துலாவுக்கு வருகிறேன். இது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோட்டக் கிணற்றின் பக்கத்தில் ஆடுகால். அதன் மேல் அச்சுலக்கை. அதில் ஆடும் நீண்ட பனந்துலா. ஒரு முனையில் துலாக்கொடியும் பட்டையும். ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றவர் கிணற்றுக்கட்டில் நின்று பட்டை பிடித்துக் கவிழ்ப்பார். தண்ணீர் வாய்க்கால் வழியே பாத்திக்குப் போகும். வீட்டு வளவுகளில் ஒருவரே கையால் இழுக்கும் சிறு துலா. பட்டை நீரின் மேற்பரப்பில் சரிந்து விழும், நிறைந்ததும் ஏறும். மேல்நீரை மட்டுமே அது அள்ளுகிறது. மிதிப்பவர் களைத்து நிழலுக்குப் போகும்போது கிணறும் இளைப்பாறுகிறது. சுற்றிலுமுள்ள கல்லிலிருந்து நன்னீர் மெல்ல ஊறி இறங்கிய மட்டத்தை நிரப்புகிறது.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கு வந்தன. உடம்பு முறியும் வேலை ஒன்றிலிருந்து மனிதர் விடுபட்டார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. துலா மிதித்த கால்களின் வலியை நான் அனுபவித்தவன் அல்லன். ஆனால் இயந்திரத்தின் குழாய் கிணற்றின் அடியில் இருக்கிறது, அது இளைப்பாறுவதும் இல்லை. கிணற்றில் மட்டம் வேகமாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அதே நிலை நீடிக்கும்போது அடியிலிருக்கும் உப்புநீர் கிணற்றுக்கு நேர்கீழே 4 மீற்றர்வரை கூம்பாக எழும்பப் பார்க்கும். மெல்லிய வில்லையில் அந்தக் கூம்பின் நுனி கிணற்றையே தொட்டுவிடும். ஒருமுறை சவராகிய கிணறு மறுநாள் தேறிவிடாது. அடுத்த மாரிவரை, சில வேளை பல மாரிகள், காத்திருக்க வேண்டும். பசிபிக்கின் கிரிபாட்டி, இந்துமாகடலின் மாலைதீவு போன்ற பவளத்தீவு நாடுகளும் இதே துன்பத்தைச் சந்திக்கின்றன. அங்கெல்லாம் நிலநீர் வல்லுநர் சொல்லும் தீர்வு, ஆழத்தில் ஒரே இடத்தில் உறிஞ்சாமல், மேல்நீரைப் பரவலாகவும் மெல்லவும் வழித்தெடுப்பது. பட்டை செய்த வேலை அதுதான்.

ஆச்சியின் 'விடியத் தண்ணி' இப்போது புரிகிறது. இரவு முழுவதும் யாரும் அள்ளாத கிணற்றில் மட்டம் தேறி, நல்ல தண்ணீர் மேலே வந்து நிற்கிறது. வாளியை ஆழத்தில் அமிழ்த்தாமல் மேலே சரித்து அள்ளினால் அன்றைய நாளின் மிக இனிய தண்ணீர் அது. குறைந்த உப்பையும் தாங்காத பயிருக்கு அது போகிறது. பின்னேரத்தில், வீட்டார் குளித்து, துவைத்து, மாட்டுக்கு வைத்த பிறகு எஞ்சுவது சற்றுக் கனத்த தண்ணீர். அது பயற்றங்கொடிக்கு.

உப்பு செடியை எப்படி வருத்துகிறது? வேர் தண்ணீரை உறிஞ்சுவது பம்புபோல இழுத்து அல்ல. வேரின் உள்ளே கரைசல் செறிவு அதிகம், வெளியே குறைவு. அதனால் தண்ணீர் தானாக உள்ளே நகர்கிறது. மண்நீரில் உப்பு ஏற ஏற அந்த வித்தியாசம் குறைகிறது. நனைந்த மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். நண்பகலில் இலை தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம், இன்னும் உப்பை ஊற்றுகிறோம். பிறகு சோடியமும் குளோரைட்டும் இலைக்குள் சேர்ந்து நுனியும் விளிம்பும் கருகத் தொடங்கும். மிளகாய் இலையின் ஓரம் தீய்ந்ததுபோல ஆனால், நோய் என்று மருந்தடிக்குமுன் கிணற்றைச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உவர்மண் ஆய்வாளர்களான மாஸும் ஹாஃப்மனும் 1977இல் பயிர்களின் உப்புத் தாங்குதிறனை இரண்டு எண்களில் அடக்கினார்கள். எந்த அளவுவரை விளைச்சல் குறையாது என்பது ஓர் எண், அதை வாசல் என்போம். அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு எவ்வளவு குறையும் என்பது மற்றது. அளவுகோல், வேரடி மண்ணின் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பது. அலகு மீற்றருக்கு டெசிசீமன். பின்னர் விரிந்த அட்டவணைகளிலிருந்து நம் சமையலறைக்கு உரியவற்றை எடுத்தால்: வெங்காயத்தின் வாசல் 1.2, குறைவு 16 வீதம். மிளகாய்க்கு 1.5, 14 வீதம். தக்காளிக்கு 2.5, ஏறத்தாழ 10 வீதம். கத்தரிக்கு வாசல் 1.1தான், ஆனால் குறைவு 7 வீதம்கூட இல்லை. கௌபிக்கு வாசல் 4.9. பயற்றங்காயும் கௌபியும் ஒரே இனத்தின் இரண்டு முகங்கள்.

மண்ணின் உப்பு 4 அலகுக்கு ஏறிவிட்ட ஒரு சித்திரை மாதத்தை நினையுங்கள். வெங்காயம் தன் விளைச்சலில் 45 வீதத்தை இழந்திருக்கும். மிளகாய் 35. கத்தரி 20, முதலில் நோகத் தொடங்கியது அதுதான், ஆனால் மெல்ல மெல்லத்தான் விட்டுக்கொடுக்கிறது. தீவு வளவுகளில் ஒரு கத்தரிச்செடி கோடை முழுவதும் சிறுசிறு காய்களாகத் தந்துகொண்டு நிற்பதன் பின்னணி இது. கௌபி இன்னும் ஒன்றையும் இழக்கவில்லை.

நாக்கு எவ்வளவு நல்ல கருவி? குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராமைத் தொடும்போது மனித நாக்கு உப்பை உணரத் தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. 300 மில்லிகிராம் குளோரைட்டு என்றால் ஏறத்தாழ அரைக் கிராம் கறியுப்பு. கடத்துதிறன் 1 அலகுக்கு அருகில். ஒழுங்காக நீர்பாய்ச்சும் தோட்டத்தில் மண்கரைசல் பாய்ச்சும் நீரைப்போல் ஒன்றரை மடங்கு செறியும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் மண்ணில் 1.5. மிளகாயின் வாசல்! வெங்காயம் ஏற்கெனவே தன் வாசலைத் தாண்டிவிட்டது. நாக்கில் முதல் கரிப்பு தட்டும் நாளும் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய நாளும் ஏறத்தாழ ஒரே நாள். இந்தப் பொருத்தத்தை நான் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு குறை மட்டும் உண்டு: நாளும் சவர்த்தண்ணீர் குடிக்கும் நாக்குக்கு அதன் கூர்மை மங்கிவிடும். ஆச்சி குடிக்க வேறு கிணற்றிலிருந்து எடுப்பித்தார், தோட்டக் கிணற்றைச் சுவைக்க மட்டுமே செய்தார். இது தற்செயலா, தெரிந்து செய்ததா என்று கேட்டுவைக்காமல் போனேன்.

உப்பின் இன்னொரு கணக்கை எல்லாத் தோட்டக்காரரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். 20 சதுர மீற்றர் தோட்டம். கோடையில் வெயிலும் இலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரைப் போக்குகின்றன என்று கொள்வோம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு லீற்றர். ஆக நாளுக்கு 100 லீற்றர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் லீற்றருக்கு 2 கிராம் உப்பு இருந்தால் நாளுக்கு 200 கிராம். நூறு நாளில் 20 கிலோ. தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, உப்பு போவதில்லை. கோடிப்புறத்து நான்கு பாத்தியில் ஒரு சாக்குப் பையின் அடிப்பாதி நிறைய உப்பு.

எனவே தீவுத் தோட்டக்காரர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஊற்றும் நீரைக் குறைக்க வேண்டும், உப்பை வேரிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். பனையோலையை வெட்டிப் பாத்தியில் மூடாக்காகப் பரப்புவது முதலாவதற்கு. இரண்டாவதற்கு, உப்பு எங்கே சேரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது நீர் பயணம் முடிக்கும் இடத்தில் சேர்கிறது. இரண்டு பக்கமும் வாய்க்கால் உள்ள வரம்பில் நீர் இருபுறமிருந்தும் ஊறி உச்சியில் சந்தித்து ஆவியாகும். வெண்பூச்சு அங்கேதான் படியும். ஆகவே நாற்றை வரம்பின் உச்சியில் நடாமல் தோளில், தண்ணீர் தொடும் கோட்டுக்குச் சற்று மேலே நட வேண்டும். கை அளவு இடம் மாறினால் செடி பிழைக்கும்.

இன்னொரு வழி, பாத்தியில் பானை புதைப்பது. மெருகுப் பூச்சுள்ள பானைகள் வேண்டாம். சாதாரண மண்பானை போதும். கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவைத்தால், சுவர்வழி கசிவது வேர் குடிக்கும் அளவு மட்டுமே. சீனாவில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை உண்டு. 1970களில் அரியானா மாநிலம் கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆய்வு நிறுவனத்தில் இதைச் சோதித்தார்கள். சவர்நீரிலும் காய்கறி வளர்ந்தது. பானையைச் சுற்றிய மண் எப்போதும் ஈரமாயிருப்பதால் உப்பு ஈரத்தின் வெளி விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கிறது. பூசணிக்கும் பாகலுக்கும் இதைவிட நல்ல முறையை நான் அறியேன்.

தண்ணீரைப் பற்றியே இவ்வளவு பேசியதால் மண்ணைக் குறைவாக மதிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குடாநாட்டு வலிகாமத்தின் செம்மண் அல்ல தீவுகளின் மண். பல இடங்களில் ஒரு முழம் வெட்டினால் கல். சுண்ணாம்பு நிறைந்ததால் காரத்தன்மை அதிகம். இரும்பும் பொசுபரசும் மண்ணில் இருந்தும் கரையாமல் பூட்டிக் கிடக்கும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புப் பசி. ஆனால் சுண்ணாம்பின் கல்சியம் ஓர் உதவியும் செய்கிறது: களித்துகள்களில் ஒட்டும் சோடியத்தை இடம்பெயர்த்து மண் இறுகாமல் காக்கிறது. இதே உவர்நீரைச் சுண்ணாம்பில்லாத களிமண்ணில் பாய்ச்சியிருந்தால் சில ஆண்டுகளில் அது செங்கல்லாகியிருக்கும்.

பூட்டைத் திறப்பது அழுகும் இலை. பூவரசங்குழை, வேப்பங்குழை, பனையோலை, ஆட்டுப்புழுக்கை, மாட்டெரு. குழை தாழ்ப்பது என்று ஊரில் சொல்வார்கள். அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் வேரைச் சுற்றிக் காரத்தைத் தணித்து இரும்பைக் கரைக்கின்றன. கரையில் ஒதுங்கும் சாதாளையையும் ஆச்சி எடுப்பித்தார். உடனே தோட்டத்தில் போடமாட்டார். வேலியோரம் குவித்து ஒரு மாரி முழுவதும் மழையில் கழுவவிட்டு, உப்புப் போனபின் தாழ்ப்பார். அயர்லாந்தின் மேற்கே அரன் தீவுகள் என்று மூன்று தீவுகள் உண்டு. அவையும் சுண்ணாம்புக்கல், அங்கும் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகள். வெறும் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் மாறிமாறிப் பரப்பி, மண்ணையே உண்டாக்கி உருளைக்கிழங்கு நட்டவர்கள் அவர்கள். 1934இல் ராபர்ட் ஃபிளகர்ட்டி எடுத்த படத்தில் அந்த உழைப்பைப் பார்த்தபோது, கடகத்தில் சாதாளை சுமந்த பெண்களை நினைத்துக்கொண்டேன்.

நெடுந்தீவின் கல்வேலியும் அப்படித்தான். பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கியது. வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பினால் புரட்டாதிவரை ஓயாது. உப்புத்துளி சுமந்து வரும் அந்தக் காற்று இலையின் ஈரத்தைப் பறித்து, பூவை உதிர்த்து, பந்தலைச் சாய்க்கும். இறுகப் பூசிய மதில் அதைத் தடுக்கும் என்று தோன்றும். ஆனால் மதிலில் மோதிய காற்று மேலே தாவி, மறுபக்கம் சுழன்று விழுந்து செடியைப் புரட்டிவிடும். பாதிக்குப் பாதி இடைவெளியுள்ள வேலியோ காற்றை வடிகட்டி அதன் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் நிழல் வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை எட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரியும் வேலி, ஓலை வேலி, கிளுவை வேலி எல்லாம் இந்த வகை. வளவுகளில் வேலிகளை இடித்து மதில் கட்டும்போது தோட்டமுள்ள தென்மேற்குப் பக்கத்தையாவது விட்டுவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நடுகைக்கு வருவோம். தக்காளியைத் தையில் தொடங்குவது பிந்திய வேலை. இரவு வெப்பம் 24 பாகைக்கு மேல் நின்றால் அதன் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பங்குனிக்குப் பின் செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது. மழை நடுவிலேயே நாற்றுப் போட்டு, மாசிக்குள் பறித்து முடிக்க வேண்டும். கத்தரிக்கும் வெண்டிக்கும் சூடு பகையல்ல. விவசாயத் திணைக்களத்தின் கத்தரி வகைகளுள் ஒன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதா. பாகலில் அதே ஊரின் பெயரில் ஒரு வெள்ளை. தின்னவேலி என்று நாம் சொல்லும் ஊர்தான். வெண்டியில் மகா இலுப்பள்ளத்து எம்.ஐ. 5 பழகிய வகை. முருங்கை ஒன்றை வேலியில் ஊன்றிவிட்டால் அதன் வேர் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும்.

ஆனி, ஆடியில் கிணறு முற்றாகச் சவராகி, பயற்றங்கொடியும் அயர்ந்தபின் என்ன இருக்கும்? கடல் கொந்தளித்து, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு நிற்கும் நாள்களும் அவைதான். குடாநாட்டுச் சந்தைக் காய்கறி வந்து சேராத நாள்கள். அப்போது கைகொடுப்பது கீரை. முளைக்கீரையும் சாறணையும் கோழிக்கீரையும் மற்றக் காய்கறிகள் செய்யாத ஒரு வித்தை செய்கின்றன. செடி காபனீரொட்சைட்டை எடுக்க இலைத்துளையைத் திறந்தால் அதே துளைவழி நீர் போய்விடும். இந்தக் கீரைகள் அந்த வாயுவை முதலில் ஒரு நான்கு காபன் அமிலமாகப் பிடித்து, உள்ளறைகளுக்குக் கொண்டுபோய்ச் செறிவாக்கி விடுகின்றன. ஆகவே துளையைச் சிறிதாகத் திறந்தாலே போதும். ஒரே எடை வளர, கத்தரி செலவிடும் நீரில் ஏறத்தாழ அரைவாசி. கோழிக்கீரை இன்னும் ஒரு படி மேலே: நீர் வறளும்போது கள்ளிபோல இரவில் துளை திறந்து வாயுவைச் சேமிக்கவும் அதற்குத் தெரியும். பகல் வித்தையும் இரவு வித்தையும் அதன் இலையில் ஒரே உயிரணுக்களுக்குள் நடப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2022இல் காட்டினார்கள். உப்பையும் அது நன்றாகவே தாங்கும். அட்டவணையில் அதன் வாசல் 6.3. யாரும் நடாமல், கிணற்றடியில் தானாகப் படர்ந்து, களையென்று பிடுங்கப்படும் செடி. எங்கள் வீட்டில் அது பருப்போடு சேர்ந்து ஆடி மாதத்தின் கறியாயிற்று.

ஆவணியில் ஆச்சி பயற்றம் நெற்றுகளை உலர்த்தி, சாம்பல் கலந்து, சுரைக்குடுவையில் போட்டு அடுப்புப் புகட்டில் வைப்பார். கோடை முழுவதும் சவர்த்தண்ணீர் குடித்தும் காய்த்த கொடிகளின் விதை மட்டும். தோற்ற கொடிகளில் எடுக்கமாட்டார்.

ஐப்பசி இருளத் தொடங்கியதும் வரம்புகளை உடைத்துத் தரையைத் தட்டையாக்கி, வளவைச் சுற்றி மண் அணை கட்டுவார். ஒரு துளி மழையும் ஒழுங்கைக்கு ஓடக்கூடாது. ஓர் அடி ஆழ மண்ணின் உப்பில் நூற்றுக்கு எண்பதைக் கழுவ ஏறத்தாழ ஓர் அடி நீர் அதன்வழி இறங்க வேண்டும் என்பது பாசன நூல்களின் பொதுவிதி. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் கிடைக்கும் 1,250 மில்லிமீற்றர் அளவான மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மூன்று மாதத்தில் கொட்டுகிறது. அணை நின்றால் போதும். தவளைகள் கத்தும் அந்த இரவுகளில் கோடையின் இருபது கிலோ உப்பு கீழே கரைந்து, வில்லையைக் கடந்து, வந்த கடலுக்கே போய்க்கொண்டிருக்கும். மேலே புதுத் தண்ணீர் விரல்விரலாக ஏறும்.

பொங்கல் முடிந்த மறுநாள் விடிய ஆச்சி கிணற்றில் வாளியை விட்டார். குனிந்தாலே கை எட்டும் மட்டம். ஒரு மிடறு வாயில் வைத்து, சற்று நேரம் உருட்டி, அன்று விழுங்கினார். பிறகு நாற்றுமேடைக்குச் சாம்பல் எடுத்துவரச் சொன்னார்.